வெளிநாட்டுக்குத் தப்பியவரைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? முதல் வாரண்ட் முதல் விமானம் வரை

நிதி நிறுவனத்தில் சேமிப்பைப் போட்டவர், கூட்டு வியாபாரத்தில் ஏமாந்தவர், கொலை வழக்கில் நீதிக்குக் காத்திருக்கும் குடும்பம்... குற்றம் சாட்டப்பட்டவர் துபாய்க்கோ லண்டனுக்கோ போய்விட்டார் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இனிமேல் அவரைக் கொண்டுவர முடியுமா?"

முடியும். ஆனால் இங்கே தயாராகும் ஒரு காகிதக்கட்டு அங்கே உள்ள நீதிபதியின் முன்னால் நிற்க வேண்டும். அது நிற்காவிட்டால், இங்கே எத்தனை வாரண்ட் போட்டாலும் பயனில்லை. அந்தக் கட்டு எப்படித் தயாராகிறது, எங்கெங்கே சிக்குகிறது, புகார்தாரர் எந்தக் கட்டத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இரண்டு வழிகள்

ஒரு நாடு தன் மண்ணில் இருக்கும் அந்நியரை "உனக்கு இங்கே தங்க உரிமை இல்லை" என்று அனுப்பிவிடலாம். அது வெளியேற்றம். குடியேற்றச் சட்டத்தின் கீழ் நடப்பது, வேகமானது. 2015 அக்டோபரில் பாலியில் பிடிபட்ட நிழலுலக தாதா சோட்டா ராஜன் அடுத்த மாதமே இந்தியா வந்து சேர்ந்தது இந்த வழியில்தான்.

இன்னொரு வழி, "இவர் மீது எங்கள் நாட்டில் வழக்கு இருக்கிறது, விசாரணைக்குக் கொடுங்கள்" என்று ஒரு அரசு இன்னொரு அரசிடம் முறைப்படி கேட்பது. இதுதான் ஒப்படைப்பு. நாளிதழ்கள் இரண்டையும் "நாடு கடத்தல்" என்றே எழுதுவதால் குழப்பம் வருகிறது. விஜய் மல்லையா விஷயத்தில் இந்தியா முதலில் சுருக்கு வழியைத்தான் முயன்றது. 2016 ஏப்ரலில் அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிட்டு, அவரை அனுப்பிவிடும்படி பிரிட்டனைக் கேட்டது. உள்ளே வரும்போது அவரிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தது, எனவே வெளியேற்ற முடியாது, ஒப்படைப்புக் கோரிக்கை அனுப்புங்கள் என்று பிரிட்டன் சொல்லிவிட்டது. பாஸ்போர்ட்டை முடக்கினால் ஆள் தானாக வந்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கான சட்டம் 1962ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டம். அதன் மேல் ஒவ்வொரு நாட்டுடனும் தனித்தனி உடன்படிக்கை. பிரிட்டனுடன் 1992, அமெரிக்காவுடன் 1997, ஐக்கிய அரபு அமீரகத்துடன் 1999 என நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுடன் கையெழுத்தாகியிருக்கிறது. உடன்படிக்கை இல்லாத நாட்டிடமும் கேட்கலாம். "நாளை நீங்கள் கேட்டால் நாங்களும் கொடுப்போம்" என்ற உறுதியின் பேரில் அந்த நாடு ஒத்துக்கொள்ளலாம், மறுக்கவும் செய்யலாம்.

படி 1: கிளம்புவதற்கு முன்பே தடுப்பது

மற்ற எல்லாப் படிகளையும் விட இது மலிவானது, எளிதானது. அதனாலேயே அலட்சியமாக விடப்படுகிறது. விசாரணை அதிகாரி, மாவட்ட எஸ்பி அல்லது மாநகரத்தில் துணை ஆணையர் வழியாகக் குடியேற்றத் துறைக்கு லுக் அவுட் நோட்டீஸ் அனுப்பச் செய்யலாம். விமான நிலையக் கவுன்டரில் பாஸ்போர்ட்டை வைத்ததும் பெயர் திரையில் வரும்.

நோட்டீஸ் இருக்கிறதா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். "தடுத்து நிறுத்தவும்" என்று இருக்கலாம், "தகவல் மட்டும் தெரிவிக்கவும்" என்றும் இருக்கலாம். மல்லையாவுக்கு 2015 அக்டோபரில் போடப்பட்டது முதல் வகை. நவம்பரில் அது இரண்டாம் வகையாக மாற்றப்பட்டது. 2016 மார்ச் 2 அன்று அவர் டெல்லியிலிருந்து விமானம் ஏறினார். அந்த ஒரு வரி மாறியதற்காக நாடு இத்தனை ஆண்டுகளாக லண்டனில் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறது.

பாஸ்போர்ட் சட்டம், 1967இன் 10(3) பிரிவின் கீழ் பாஸ்போர்ட்டை முடக்கவும் கேட்கலாம். போலீஸ் அதைக் கைப்பற்றலாம், ஆனால் முடக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொல்லியிருக்கிறது. எனவே காவல் நிலையத்தில் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதோடு திருப்திப்படாமல், பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கடிதம் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: உள்ளூர் நீதிமன்றத்தில் அடித்தளம்

ஆள் போய்விட்டார். சரி, இப்போது வேலை தொடங்குவது உங்கள் ஊர் நீதிமன்றத்தில்தான். விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும், நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுக்க வேண்டும், பிணையில் விட முடியாத பிடிவாரண்ட் பிறப்பிக்க வேண்டும். வெறும் எஃப்ஐஆரையும் சந்தேகத்தையும் வைத்து ஒப்படைப்புக் கேட்பது வீண் முயற்சி.

வாரண்டில் ஒரு நுணுக்கம் உண்டு. இங்கே வழக்கமாகப் போடும் வாரண்டில் "இந்தத் தேதிக்குள் ஆஜர்படுத்த வேண்டும்" என்று இருக்கும். வெளிநாட்டுக்குப் போகும் வாரண்ட் தேதி வரம்பு இல்லாததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே வழக்கு எடுக்கும்போது அது காலாவதியாகிக் கிடக்கும். எந்தெந்தக் குற்றங்களை நீதிமன்றம் கோப்பில் எடுத்ததோ அவை மட்டுமே அதில் இருக்க வேண்டும்.

அப்புறம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 84ஆம் பிரிவின் கீழ் பிரகடனம் (குறிப்பிட்ட நாளில் ஆஜராக வேண்டும் என்ற பொது அறிவிப்பு), 85ஆம் பிரிவின் கீழ் சொத்து முடக்கம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவை 82, 83 என்று இருந்தவை. 2024 ஜூலை 1 முதல் புதிய எண்கள். பிரகடனத்துக்குப் பிறகும் ஆஜராகாமல் இருப்பதே தனிக் குற்றம்.

படி 3: எங்கே இருக்கிறார்?

இருக்கும் இடம் தெரியாமல் எந்த நாட்டுக்கும் கோரிக்கை அனுப்ப முடியாது. இங்கேதான் இன்டர்போல் வருகிறது. இந்தியாவில் இன்டர்போலுக்கான தேசிய அலுவலகம் சிபிஐ. மாநிலக் காவல்துறைகள் அதன் வழியாகத்தான் கேட்க முடியும். 2025 ஜனவரியில் தொடங்கிய பாரத்போல் என்ற இணையதளம் இந்தக் கடிதப் போக்குவரத்துக்காகத்தான்.

ரெட் நோட்டீஸ் என்பது சர்வதேச பிடிவாரண்ட் கிடையாது. "இவரைக் கண்டால் சொல்லுங்கள், உங்கள் சட்டம் அனுமதித்தால் தற்காலிகமாகப் பிடித்து வையுங்கள்" என்ற வேண்டுகோள் அது. சில நாடுகள் அதை வைத்தே கைது செய்கின்றன, சில நாடுகள் செய்வதில்லை. அரசியல், ராணுவ, மத, இன விவகாரங்களில் தலையிட இன்டர்போலின் சாசனத்தின் 3ஆம் விதி தடை போடுகிறது. அந்த வாசல் வழியாக நோட்டீஸை ரத்து செய்ய வைத்தவர்களும் உண்டு. இருப்பிடம் மட்டும் தெரிய வேண்டுமானால் ப்ளூ நோட்டீஸ் போதும்.

"பணம் கொடுத்தால் ரெட் நோட்டீஸ் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். தனி ஆளோ வக்கீலோ ஏஜென்சியோ அதை வாங்கவே முடியாது. ஏற்கெனவே ஏமாந்தவர்களைக் குறிவைத்து நடக்கும் இரண்டாவது ஏமாற்று இது.

படி 4: கோரிக்கைக் கோப்பு

முழு நடைமுறையின் உயிர் இதில் இருக்கிறது. விசாரணை அதிகாரி ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்து, வழக்கைக் கோப்பில் எடுத்த நீதிபதி முன் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். அதோடு எஃப்ஐஆர், குற்றப்பத்திரிகை, வாரண்ட், ஒப்படைப்பைக் கேட்கலாம் என்று நீதிபதி காரணத்தோடு எழுதிய உத்தரவு, சம்பந்தப்பட்ட சட்டப் பிரிவுகளின் முழு வாசகம், சாட்சி வாக்குமூலங்கள், ஆவணங்கள், ஆளை அடையாளம் காட்டும் புகைப்படம், கைரேகை, பாஸ்போர்ட் நகல் எல்லாம் சேர வேண்டும். கட்டு மாநில அரசு வழியாக மத்திய உள்துறைக்கும், அங்கிருந்து வெளியுறவுத் துறையின் தூதரக, பாஸ்போர்ட், விசா பிரிவுக்கும் போய், நம் தூதரகம் வழியாக அந்த நாட்டு அரசின் கைக்குச் சேரும்.

பிரமாணப் பத்திரத்தை மட்டும் படித்தாலே முழுக் கதையும் புரிய வேண்டும். லண்டன் நீதிபதிக்குச் சீட்டு என்றால் என்ன, ஏலம் எப்படி நடக்கும், பிராமிசரி நோட்டில் வெற்றுக் கையெழுத்து ஏன் வாங்குகிறார்கள் என்பதெல்லாம் தெரியாது. "எதிரி மேற்படி தொகையை மோசடி செய்தார்" என்று போலீஸ் நடையில் எழுதினால் அவருக்கு எதுவும் விளங்காது. எந்த நாளில், யாரிடம், என்ன பொய்யைச் சொல்லி, எவ்வளவு வாங்கினார், அந்தப் பணம் அடுத்த நாள் எந்தக் கணக்குக்குப் போனது, அதற்கு ஆதாரம் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று வரி வரியாக இருக்க வேண்டும். தமிழில் உள்ள வாக்குமூலங்கள் அந்த நாடு ஏற்கும் மொழியில் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்போடு போக வேண்டும். பெயரின் எழுத்து ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

புகார்தாரர் உதவக்கூடிய இடமும் இதுதான். அசல் ரசீதுகள், வங்கி அறிக்கை, வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் அதே போன், விளம்பர நோட்டீஸ், கூட்டத்தில் எடுத்த படம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒரு பக்க அட்டவணையோடு விசாரணை அதிகாரியிடம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய போனை எக்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

படி 5: அவசரக் கைது

முழுக் கோப்பு தயாராக மாதங்கள் ஆகும். அதற்குள் ஆள் வேறு நாட்டுக்கு நழுவும் அபாயம் இருந்தால் தற்காலிகக் கைது கேட்கலாம். பல உடன்படிக்கைகளில் இதற்கு 60 நாள்தான் கெடு. அதற்குள் முழுக் கோப்பு சேராவிட்டால் விடுவித்துவிடுவார்கள். கோப்பு ஓரளவு தயாரான பிறகே இதைக் கேட்பது புத்திசாலித்தனம்.

படி 6: அங்குள்ள நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

அந்த நீதிமன்றம் அவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பு சொல்லாது. விசாரணைக்கு அனுப்பலாமா என்பதை மட்டும் பார்க்கும். அதற்குச் சில கேள்விகள் உண்டு.

இரு நாட்டிலும் குற்றமா? பெயர் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, செய்த செயல் அங்கேயும் குறைந்தது ஓராண்டு சிறைக்குரியதாக இருந்தால் போதும் என்பது பொதுவான அளவுகோல். நம் ஊரில் பலர் தடுக்கி விழும் இடம் இது. செக் பவுன்ஸ் வழக்கை மட்டும் வைத்து பிரிட்டனிடம் ஆளைக் கேட்டால் கிடைக்காது, அங்கே செக் திரும்புவது தன்னளவில் குற்றமே அல்ல. அமீரகமும் 2022 தொடக்கத்திலிருந்து சாதாரணச் செக் வழக்குகளைக் குற்றப் பட்டியலிலிருந்து பெரும்பாலும் எடுத்துவிட்டது. பொய் சொல்லிப் பணம் பறித்தார் என்ற மோசடிப் புகார் தனியாகப் பதிவாகி, அதற்கு ஆதாரம் இருக்க வேண்டும்.

முகாந்திரம், அதாவது வழக்கு நடத்தப் போதுமான ஆதாரம், மேலோட்டமாகப் பார்த்தாவது இருக்கிறதா? பிரிட்டன் இந்தியாவிடம் இதைக் கேட்கிறது. மல்லையா வழக்கில் ஐடிபிஐ வங்கியிடம் பொய்த் தகவல் கொடுத்துக் கடன் வாங்கியதற்கு முகாந்திரம் இருப்பதாக வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றம் 2018 டிசம்பர் 10 அன்று சொன்னது.

ஒரே குற்றத்துக்கு இரண்டு முறையா? தஹாவூர் ராணா அமெரிக்காவில் இதைத்தான் வாதாடினார். சிகாகோவில் 2011இலேயே மும்பைத் தாக்குதல் தொடர்பான குற்றச்சாட்டிலிருந்து தன்னை ஜூரி விடுவித்துவிட்டது என்றார். இந்தியா சுமத்தும் குற்றங்களின் கூறுகள் வேறு என்று நீதிமன்றங்கள் ஏற்றன. 2025 ஏப்ரல் 10 அன்று அவர் டெல்லி வந்திறங்கினார்.

அரசியல் பழிவாங்கலா? எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த வாதம் தவறாமல் வரும். வெறும் வாதமாக வந்தால் தோற்கும், ஆதாரத்தோடு வந்தால் ஜெயிக்கும்.

சிறை எப்படி இருக்கிறது? இந்தியா அண்மையில் அதிகம் அடிபடுவது இங்கேதான். ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 3ஆம் விதி, சித்திரவதையோ இழிவான நடத்துமுறையோ நடக்கும் அபாயம் உள்ள இடத்துக்கு யாரையும் அனுப்பக் கூடாது என்கிறது. மல்லையாவை அடைக்கப்போகும் மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12ஆம் எண் தொகுதிக்குள் இயற்கை வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று காட்டும் வீடியோவையே லண்டன் நீதிபதி கேட்டு வாங்கினார். கிரிக்கெட் சூதாட்ட வழக்கில் தேடப்பட்ட சஞ்சீவ் சாவ்லாவை, திகார் சிறை நிலைமையைக் காட்டி 2017இல் நீதிபதி விடுவித்தார். எந்த அறை, எத்தனை சதுர மீட்டர், என்ன மருத்துவ வசதி என்று விவரமான உறுதிமொழிகள் போன பிறகுதான் மேல் நீதிமன்றம் மாற்றிச் சொன்னது, 2020 பிப்ரவரியில் அவர் வந்தார். ஆயுதத் தரகர் சஞ்சய் பண்டாரி விஷயத்தில் அதுவும் எடுபடவில்லை. கீழ் நீதிமன்றம் ஒப்புக்கொண்டும், திகாரில் மிரட்டிப் பணம் பறிப்பும் வன்முறையும் நடக்கும் அபாயம் உண்மையானது என்று 2025 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1995இல் புருலியாவில் வானிலிருந்து ஆயுதம் போட்ட வழக்கில் கிம் டேவியை ஒப்படைக்க டென்மார்க் நீதிமன்றங்கள் 2011இலும் 2024இலும் மறுத்ததற்கும் இதே காரணம்.

இதைப் படித்ததும் பலருக்குக் கோபம் வருகிறது. எனக்கும் வருத்தம்தான், ஆனால் லண்டன் நீதிபதி மேல் கோபப்பட்டுப் பயனில்லை. காவல் மரணங்களைப் பற்றி நாமே பேசிக்கொண்டிருக்கும்போது, அதே செய்தியை எதிர்த்தரப்பு வக்கீல் அங்கே சாட்சியமாக வைப்பதை எப்படித் தடுப்பது? சாத்தான்குளம் நடக்கும் ஒவ்வொரு முறையும் வெளிநாட்டில் ஒளிந்திருக்கும் ஒருவருக்கு ஒரு வாதம் கிடைக்கிறது.

மரண தண்டனையும் அப்படித்தான். அதை ஒழித்த நாடுகள், தூக்கில் போட மாட்டோம் என்ற உறுதி இல்லாமல் ஆளைத் தருவதில்லை. அதற்காகவே நம் ஒப்படைப்புச் சட்டத்தில் 34சி பிரிவு இருக்கிறது. அப்படி வந்தவருக்கு மரண தண்டனைக்குப் பதிலாக ஆயுள்தான்.

பிரான்ஸ் போன்ற சில நாடுகள் தம் குடிமக்களைப் பொதுவாக ஒப்படைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 7: அமைச்சர், மேல்முறையீடு, காத்திருப்பு

நீதிமன்றம் சரி என்றாலும் கடைசிக் கையெழுத்து அரசுடையது. பிரிட்டனில் உள்துறை அமைச்சர் இரண்டு மாதத்தில் முடிவெடுக்க வேண்டும். பிறகு உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. வங்கி மோசடி வழக்கில் தேடப்பட்ட வைர வியாபாரி நீரவ் மோடி 2019 மார்ச்சில் கைதானார், 2021 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டது, ஏப்ரலில் அமைச்சர் கையெழுத்திட்டார், மனநிலையைக் காட்டிச் செய்த மேல்முறையீடு 2022 நவம்பரில் தள்ளுபடியானது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. மல்லையாவும் 2020 மே மாதமே மேல்முறையீட்டு வாய்ப்புகளை இழந்துவிட்டார். ஒரு ரகசியச் சட்டப் பிரச்சினை தீர வேண்டும் என்று பிரிட்டன் பதில் சொன்னது. ஐந்து வருடம், பத்து வருடம் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும்போது பணத்தைப் பின்தொடருங்கள்

ஆள் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் நிதி நிறுவன மோசடிக்கு, 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொத்துகளை அரசு முடக்கி, ஏலம் விட்டு, போட்டவர்களுக்குப் பிரித்துத் தரலாம். ஓடிப்போனவர் இல்லாமலே இது நடக்கும். புதிய நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவிலும், குற்றத்தால் வந்த சொத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் வழியாகப் பிரித்துத் தர வழி இருக்கிறது.

100 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட வழக்கு என்றால் 2018ஆம் ஆண்டின் தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளிகள் சட்டம். சிறப்பு நீதிமன்றம் ஒருவரை அப்படி அறிவித்தால் வெளிநாட்டுச் சொத்து, பினாமி சொத்து உட்பட எல்லாவற்றையும் பறிமுதல் செய்யலாம். முதலில் அப்படி அறிவிக்கப்பட்டவர் மல்லையா, 2019 ஜனவரியில்.

வரவே மாட்டார் என்றால்?

புதிய நடைமுறைச் சட்டத்தின் 356ஆம் பிரிவு இப்போது ஒரு வழி திறந்திருக்கிறது: ஆள் இல்லாமலே விசாரணை. பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளியாக இருக்க வேண்டும், குற்றம் பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைக்குரியதாக இருக்க வேண்டும், 30 நாள் இடைவெளியில் இரண்டு வாரண்ட், நாளிதழ் அறிவிப்பு, குற்றச்சாட்டு வனைந்து 90 நாள் என்று நிபந்தனைகள் உண்டு. சாதாரண மோசடிப் பிரிவுக்கு அதிகபட்சம் ஏழாண்டுதான், அதனால் அது மட்டும் இருந்தால் இந்த வழி திறக்காது. வங்கியாளர், முகவர் செய்த நம்பிக்கை மோசடி போன்ற கடுமையான பிரிவு பொருந்துமா என்று வக்கீலிடம் கேளுங்கள். ஆனால் அவசரப்படவும் வேண்டாம். ஆள் இல்லாமல் தண்டித்த தீர்ப்பைச் சில வெளிநாட்டு நீதிமன்றங்கள் சந்தேகத்தோடு பார்க்கும். மறுவிசாரணை உரிமை இருக்கிறதா என்று கேட்கும். ஒப்படைப்புக் கோரிக்கை நிலுவையில் இருந்தால் இதைத் தொடங்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும்.

இங்கே ஒளிந்திருப்பவர்களை வேறு நாடு கேட்டால் இதே பாதை தலைகீழாக நடக்கும். மத்திய அரசு ஒரு நீதிபதியை விசாரிக்கச் சொல்லும், முகாந்திரம் இருந்தால் அவர் அறிக்கை அனுப்புவார், கடைசி முடிவு அரசுடையது. இலங்கையில் இதற்கு 1977ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. பிணைமுறி வழக்கில் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநரைக் கேட்டு இலங்கை சிங்கப்பூருக்குக் கோரிக்கை அனுப்பியது அதே பாணிப் பாதையில்தான்.

படி 8: வந்து சேர்ந்த பிறகு

ஒப்படைக்கப்பட்டவர் மீது எந்தக் குற்றத்துக்காகக் கேட்டோமோ அதற்கு மட்டும்தான் வழக்கு நடத்தலாம். ஒப்படைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இது. தயா சிங் லஹோரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்திருக்கிறது. கொடுத்த வாக்கும் கட்டுப்படுத்தும். மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமை 2005இல் போர்ச்சுகல் ஒப்படைத்தபோது, மரண தண்டனையோ 25 ஆண்டுக்கு மேல் சிறையோ இருக்காது என்று இந்தியா உறுதி கொடுத்திருந்தது. ஆயுள் தண்டனை பெற்ற பிறகும், 25 ஆண்டு முடிந்ததும் அவரை விடுவிக்க மத்திய அரசு குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைக்கக் கடமைப்பட்டது என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நூற்றுக்கணக்கானோர் ஏமாந்த வழக்குகளில் இதன் விளைவு பெரியது. மதுரையில் பத்துப் பேர் புகார் கொடுத்து அதன் பேரில் கோரிக்கை போய்விட்டது, நீங்கள் திருச்சியில் "ஆள் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆள் வந்த பிறகு நீங்கள் கொடுக்கும் புகாரில் அவர் மீது வழக்கு நடத்த, ஒப்படைத்த நாட்டின் சம்மதம் வேண்டும். எனவே இன்றே புகாரைப் பதிவு செய்து, உங்கள் பெயரும் தொகையும் குற்றப்பத்திரிகையிலும் கோரிக்கைக் கோப்பிலும் சேர்ந்திருக்கிறதா என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே கோப்பு போய்விட்டதென்றால் துணைக் கோரிக்கை அனுப்பச் சொல்லி மனு கொடுங்கள். பதில் வராவிட்டால் அந்த மனுவின் நகலோடு உயர் நீதிமன்றத்தை அணுகலாம். ஆளே வந்திறங்கிவிட்டார் என்றால், 21ஆம் பிரிவின்படி அந்த நாட்டின் சம்மதத்தைக் கேட்டு வாங்கும்படி மத்திய அரசுக்கு எழுதச் சொல்லுங்கள்.